ஆறாவது ஜன்னல்

இது நடந்தது. என் நாத்தனாருக்கு நடந்தது. அவள் பொய் சொன்னால் எனக்குத்தான் முதலில் தெரியும். பதினோரு வருஷமாக ஒரே சமையலறையில் நிற்கிறோம்.

அவள் பாதுகாப்புப் படையில் காவலர். நாட்டின் அதிபரும் ஒரு பெண்; அவருடைய அதே உயரம் என்பதால் இவளுக்கு ஒரு விசித்திரமான வேலை. கூட்டத்துக்கு முந்தின நாள், அதிபர் நிற்கப்போகும் இடத்தில், மைக் முன்னால் அவள் நிற்க வேண்டும். மைதானத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மாடி ஜன்னலிலிருந்தும் ஒரு காவலர் பார்த்து, வயர்லெஸ்ஸில் "தெரியுது" அல்லது "தெரியல" என்பார். தெரிகிற ஜன்னலுக்கு மறுநாள் காவல் உண்டு. தெரியாததை விட்டுவிடுவார்கள். இந்த நாட்டில் தலைவர்கள் குண்டடிபட்டதெல்லாம் அப்படி விட்டுப்போன இடங்களிலிருந்துதான் என்று பயிற்சியிலேயே சொல்வார்களாம்.

அன்று ஆறு ஜன்னல்கள். ஆறாவதில் நிற்க வேண்டிய காவலர் என் வீட்டுக்காரர். அவளுடைய அண்ணன். மெத்தனத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை சஸ்பெண்ட் ஆனவர். இன்னொரு புகார் வந்தால் வேலையே போய்விடும்.

மாலை 4.12. ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாக "தெரியுது."

4.16. "ஆறு, தெரியல. மரம் மறைக்குது. சீக்கிரம் முடிம்மா, டீ வந்தாச்சு."

யாரோ சிரித்தார்கள்.

4.17. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு மூச்சு வாங்கும் ஓசை... மாடி ஏறி வந்தவர் போல.

"ஆறு... தெரியுது."

வயதான குரல்.

"யாரது?" என்றாள்.

"யாரும் பேசலையே," என்றார் மூன்றாம் ஜன்னல்காரர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடியிருந்த ஆறாவது ஜன்னல் மெல்ல... திறந்தது.

ஓடினாள். அண்ணன் படிக்கட்டின் அடியில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.

"மேல போனியா அண்ணே?"

"நாலு மாடி. என் முட்டி என்னாகுறது? மரம் மறைக்குறது இங்கேருந்தே தெரியுதே."

"மேல யாரு?"

"பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினாள். பூட்டைத் திறந்தாள். தரை முழுக்கத் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

மரத்துக்கு மேலே... மைக் நேராகத் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

திரும்பினாள்.

யாருமில்லை.

அறிக்கையில் "தெரியுது" என்று எழுதினாள். அண்ணன் மேலே ஏறவில்லை என்பதையும் எழுதினாள். அவர் வேலை போயிற்று. நானும் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் 3.40க்கு, அதே படிக்கட்டில், நீளமான பையோடு ஒருவன் பிடிபட்டான்.

பழைய கோப்பை அவள் தேடி எடுத்தது அதன் பிறகுதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன், அதே மைதானத்தில், அப்போதைய அதிபர் சுடப்பட்டு இறந்திருக்கிறார். முந்தின நாள் ஒத்திகைத் தாளும் உள்ளே இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை, தெரியுது. ஆறு, தெரியல. நேரம் 4.17.

ஓய்வு பெறும் வயதிலிருந்த அந்த ஆறாம் ஜன்னல் காவலரும் கீழேயே உட்கார்ந்திருந்தாராம். குண்டு வந்தது அந்த ஜன்னலிலிருந்துதான். கொலை நடந்த அன்று மாலைதான் அந்தப் படிகளில் முதன்முதலாக ஏறினார்.

அவராக இறங்கி வரவில்லை. உடலைத்தான் இறக்கினார்கள்.