வட்டங்களும் கோடுகளும்

அந்த நாட்களில் என் கணினித் திரையில் வண்ண வட்டங்கள் மிதந்துகொண்டிருக்கும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் கோடுகளோடு மற்றவையும் நகர்ந்து வரும். ஹெப்பகோடியில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தரவுத்தள அட்டவணைகளிலிருந்து நாங்கள் உருவாக்கிய, பொருள்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் வரைபடம் அது. எந்தப் பழுதுக்கு எந்த உதிரிபாகம், அது எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்ற தொடர்புகளைக் காட்ட வேண்டும். அதற்கு எந்த மென்பொருளை வாங்குவது என்பதுதான் கேள்வி. எனக்கு வட்டங்கள்தான் பிடித்திருந்தன.

என் தோழி வேறொன்றைச் சொன்னாள். நீலசந்திராவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருபவள்; எனக்கு ஒரு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் காட்டியது வெறும் பட்டியல். ஒரு பெயரைத் தொட்டால் அதோடு தொடர்புள்ளவை மட்டும் விரியும். பார்க்க அழகே இல்லை. ஆனால் அவள் தொழிற்சாலைக்கே போய், போனில் புகார் கேட்கும் மெக்கானிக்குகளோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க ஒரு கையில போனு இருக்கும்டி. வட்டத்தை இழுத்து விளையாட எங்க நேரம்?" என்றாள்.

எனக்கு இது தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. எங்கள் மேனேஜர் அவளிடம் கன்னடத்தில் சிரித்துப் பேசும்போதெல்லாம் கூடுதலாக எரிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மென்பொருளிலும் தரவை ஏற்றும் வேலை என்னுடையது. என்னுடையதில் சுத்தம் செய்த சிறு பகுதியை மட்டும் ஏற்றினேன். அவளுடையதில் இரட்டைப் பதிவுகளும் பிழைகளுமாக மொத்தத்தையும் கொட்டினேன். மேனேஜருக்குக் காட்டிய அன்று அவள் திரை உறைந்து நின்றது. என்னுடையதை வாங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தொழிற்சாலையில் முழுத் தரவும் ஏறியது. திரையெல்லாம் கோடுகள், சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி. போனைக் காதில் வைத்தபடி ஒரு மெக்கானிக் கேட்டார்: "இன்னாம்மா இது? இதுல வாஷரை நான் எங்கன்னு தேடறது?"

அன்று பஸ்ஸில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு ஃபைலும் வேற வேற சைஸு. எனக்கு அன்னிக்கே தெரியும்டி."

"ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

மறுநாள் காலை நான் செய்ததை மேனேஜரிடம் சொன்னேன். அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் தரவைச் சுத்தம் செய்து, தன் பட்டியலை ஒரே மாதத்தில் ஓடவைத்தாள்.

வேலை கைவிட்டுப் போனது இப்போது வலிப்பதில்லை. எல்லாம் தெரிந்தும் அந்த மூன்று மாதமும் தினம் எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்து, தன் டிபன் டப்பாவை என் பக்கம் நீட்ட அவளால் எப்படி முடிந்தது? இன்றைக்கும் நான் அவள்மேல் பொறாமைப்படுவது அதற்காகத்தான்.