பாலாற்றங்கரையில் பூத்தது

சில வருடங்களுக்கு முன், பாலாற்றில் பெருவெள்ளம் வந்து வடிந்த மார்கழி மாதம். ஆம்பூர் பக்கம் ஆற்றை ஒட்டிய நிலம் ஒன்றில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. நிலம், ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஓர் அக்காவுடையது. தோல் பதனிட்ட கழிவுநீரால் உப்பேறி, பல வருடமாகப் புல்கூட முளைக்காத முக்கால் ஏக்கர்.

அன்று அது மஞ்சளாக இருந்தது. எல்லாம் நெருஞ்சிப் பூ.

வந்த வேலையை விட்டுவிட்டு நோட்டில் வரிசையாகக் குறிக்க ஆரம்பித்தேன். வண்டல் ஒரு சாண் படிந்த இடத்தில் செடியே இல்லை. விரல் கனம் படிந்த இடத்தில் பூவுக்கு மேல் பூ. தண்ணீர் அறுத்துக்கொண்டு போன ஓரத்தில் வெறும் கூழாங்கல். இத்தனை விதையும் ஆற்றோடு வந்ததா, இல்லை மேல்மண்ணின் உப்பு கரையட்டும் என்று இங்கேயே கிடந்ததா?

"பூவ எண்றதுக்கா கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நிக்கிறேன்? கேவுரு போடலாமா வேணாமா, அத சொல்லு பாப்பா" என்றார் அக்கா.

நான்கு விரல் ஆழத்துக்கு மட்டும் மண் எடுத்தேன். பரிசோதனையில் உப்பு குறைவாகவே இருந்தது. தாராளமாகப் போடுங்கள் என்றேன். அடியில் தோண்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பூவே சாட்சி சொல்கிறதே.

தையில் கேழ்வரகு விதைத்தார். பயிர் முழங்கால் உயரம் வந்தபோது, மதிய இடைவேளையில் போன் செய்தார்.

"பாப்பா, நிலம் பூத்துடுச்சு. இன்னா செய்யட்டும்?"

"என்ன கலர்க்கா?"

"வெள்ள தான். வேற இன்னா கலர்ல பூக்கும்?"

தும்பை என்று முடிவு கட்டினேன். "அப்படியே விடுங்கக்கா, ஒன்னும் செய்யாதீங்க. நான் வந்து போட்டோ எடுத்துக்கறேன்."

பத்து நாள் கழித்துத்தான் போக முடிந்தது. தும்பை இல்லை. வரப்பிலிருந்து வரப்பு வரை வெள்ளையாக உப்பு. வெள்ளம் கீழே தள்ளியிருந்த உப்பு, வெயில் ஏறஏற ஈரத்தோடு மேலே வந்துவிட்டது. கேழ்வரகின் நுனியெல்லாம் கருகியிருந்தது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சுவரில் உப்புப் படியும்போது நானே 'சுவர் பூத்துடுச்சு' என்று சொல்பவள்தான். அன்று அந்த வார்த்தை எனக்குப் பூவாக மட்டுமே கேட்டிருக்கிறது.

"ஏரித் தண்ணி முந்தாநேத்து வரைக்கும் கால்வாயில வந்துச்சு. திருப்பி உட்டு உப்ப கழுவலாம்னு இருந்தேன். நீதான் ஒன்னும் செய்யாதன்னியே. இப்ப மதகு மூடிட்டாங்க."

நான் பூ என்று நினைத்ததைச் சொன்னேன்.

"உப்ப போட்டோ புடிக்கவா அவ்ளோ தூரத்துலேந்து வந்த?" என்று சிரித்தார். பிறகு குனிந்து ஒரு பயிரைப் பிடித்து இழுத்தார். வேரோடு சுலபமாக வந்தது. அதற்குமேல் சிரிக்கவில்லை.

அந்தப் பட்டத்தில் அவர் ஒரு படி கேழ்வரகுகூட எடுக்கவில்லை. உப்பைப் பார்த்த அன்றே அவரிடம் மண்வெட்டி வாங்கி இரண்டடி தோண்டினேன். முதல் நாளே தோண்டியிருக்க வேண்டிய குழி. வேறு யாராவது சொல்லியிருந்தால் அக்கா தன் புத்திப்படி தண்ணீரைத் திருப்பியிருப்பார், படித்தவள் சொன்னேன் என்றுதான் பத்து நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.