பெல்ட் மாற்றிய பிறகும் வந்த சத்தம்

"ஏசி போட்டா ஒரு மாதிரி சத்தம் வருதுப்பா" என்று மகள் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு நேரே சாவியை எடுத்தேன். அவள் அதை என்னிடம் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

திருத்துறைப்பூண்டிக்கு வெளியே ஒரு அரிசி ஆலையில் இருபத்தாறு வருடமாக மெஷின் பார்க்கிறேன். அரிசியைத் தீட்டும் பாலிஷரில் பேரிங் தேய ஆரம்பித்தாலும், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரில் ஒரு வாளி கழன்று தகரத்தில் உரசினாலும், நடந்துபோகிறவன் அப்படியே நின்றுவிடுவேன். "அவர் காதுக்கு எதுவும் தப்பாது" என்று முதலாளி வெளியாட்களிடம் சொல்வார். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் எங்களை வளர்த்தவர்கள். எங்கள் வீட்டில் மெஷின் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். மகள் படித்து, வேதாரண்யம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆனாள். போன வருடம் பழைய கார் ஒன்று வாங்கினாள். தெருவில் அவளை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். என்னை, டீச்சரோட அப்பா.

அன்று சாயங்காலம் நான் ஓட்டினேன். மகள் பக்கத்தில், மனைவி பின்னால். கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டேன். நாலு கிலோமீட்டர் போயிருப்போம்.

"இதோ, ஆரம்பிச்சிடுச்சு. கேக்குதா?" என்றாள் மகள்.

"எங்க?"

"இதோப்பா. கொசு காதுகிட்ட வந்து பாடுற மாதிரி. மெலிசா."

"ஆமா, விசில் மாதிரி இழுக்குது" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். எஞ்சின் ஓடுவது கேட்டது. தார் ரோட்டில் டயர் உருள்வது கேட்டது. டேஷ்போர்டிலிருந்து காற்று வருவது கேட்டது. வேறு ஒன்றும் இல்லை.

"அது புளோயர் காத்து. எல்லா வண்டியிலயும் வரும்" என்றேன்.

மகள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரி" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. மறுநாள் காலையில் அவள் கிளம்புவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, குனிந்து கேட்டேன். ஏசியைப் போட்டேன், நிறுத்தினேன், மறுபடி போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி பானெட்டை மூடினேன். வேலைக்குப் போன பிறகும் அதே நினைப்பு. இரண்டு பேருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை என்றால், அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் பிரமையா?

அன்று ஆலையில், காற்றை ஊதிக் கறுப்பு அரிசியைப் பிரிக்கும் மெஷினின் பக்கத்தில் நின்றிருந்தேன். அதை ஓட்டும் பெண் சட்டென்று திரும்பி ஒரு பொத்தானை அழுத்தினார்.

"என்னம்மா?" என்று கேட்டேன்.

"பீப் அடிச்சுதே அண்ணே, காத்து பத்தலன்னு."

நான் சிவப்பு விளக்கைத்தான் பார்த்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், எப்போதுமே விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மெஷினுக்கு ஒரு குரல் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். எண்கள் வந்தன. காதோடு ஒட்டவைத்து மறுபடி அழுத்தினேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஜுரமா?"

"இல்ல. பேட்டரி இருக்கான்னு பாத்தேன்."

"அதான் கத்துதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மிக்ஸி ஓடினால் எழுந்து போய்ப் பார்ப்பேன். குழாயில் தண்ணீர் சொட்டினால் கேட்கிறதா என்று நிற்பேன். அது கேட்டது. குக்கர் விசில் கேட்டது. தாழ்ந்த சத்தங்களும் பலத்த சத்தங்களும் இருந்த இடத்தில் இருந்தன. மெலிந்த சத்தங்கள்தான் எந்தெந்த இடத்தில் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. இல்லாததை எப்படித் தேடுவது?

மகள் மறுபடி சத்தத்தைப் பற்றிச் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை வண்டியை நானே கூத்தாநல்லூருக்கு எடுத்துப் போனேன். அங்கே குவைத்தில் கார் ஏசி வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் பட்டறை வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் முன்னால் வேறொரு வண்டி பிரித்தபடி கிடந்தது. பக்கத்துக் கடையில் கிரைண்டிங் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அதற்குள் என் வண்டி எஞ்சின் ஆறிப்போயிற்று.

"சொல்லுங்கண்ணே, எப்படி வருது சத்தம்?" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கீச்சுன்னா, கரகரன்னா, டக்டக்குன்னா?"

"கீச்சுன்னு" என்றேன். மகள் சொன்னது அதுதான், ஏறக்குறைய.

"டேஷ்போர்டுக்குள்ளயா, முன்னாடி எஞ்சின் பக்கமா?"

"முன்னாடி."

"ஏசிய ஆஃப் பண்ணினா நிக்குதா?"

இந்தக் கேள்விதான் முக்கியமானது என்று எனக்குத் தெரியும். நானும் மெஷின்காரன்தானே. ஏசி போட்டால்தான் சத்தம் என்று மகள் சொன்னாள். ஆனால் ஏசி போடும்போதுதான் அவள் கண்ணாடியை ஏற்றுவாள். கண்ணாடி இறங்கியிருந்தால் காற்றிரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. அதை அவளிடம் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஒரு போன் போட்டிருந்தால்கூடப் போதும். போட்டால், உங்களுக்குக் கேட்கவில்லையா என்று கேட்பாள்.

"நிக்குது பாய்" என்றேன்.

அவர் எஞ்சினை ஓடவிட்டார். ஆறிய எஞ்சின் சமத்தாக ஓடியது. கிரைண்டர் இரைச்சலில் அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, "பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க. ஏசி லோடு ஏறுறப்ப வழுக்கும், கீச்சுன்னு கத்தும்" என்றார். புது பெல்ட் போட்டார். போட்டுவிட்டு, "எஞ்சின் சூடாகுற வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்கண்ணே. இன்னும் வந்தா வேற எடத்துல பாக்கணும்" என்றார்.

வாய்க்கால் ஓரமாகப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பினேன். அவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். தலையை மட்டும் நீட்டினார்.

"எப்படியிருக்கு?"

"போயிடுச்சு" என்றேன்.

நான் சொன்ன பொய்களில் இது சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. ஆனால் இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது இதுதான்.

மறுநாள் மகள் பள்ளியிலிருந்து வந்து, "இன்னும் வருதேப்பா" என்றாள்.

"புது பெல்ட். செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்."

"நீங்க ஓட்டிப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

அவள் நம்பினாள். என் காதை எல்லோரும் நம்புவதுபோல அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு அவள் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினாளாம்.

பங்குனியில் பொதுத்தேர்வு. மகளுக்கு வேதாரண்யத்தில் ஒரு மையத்தில் கண்காணிப்புப் பணி. அவளோடு இன்னும் இரண்டு ஆசிரியைகள் காரில் போவார்கள். அதில் ஒருவருக்கு ஏழு மாதம். சம்பா நெல் வந்து குவிந்திருந்த சமயம் அது. ஆலை நிற்காமல் ஓடியது. பாலிஷர் பக்கத்திலிருந்து வெளியே வந்து போனைப் பார்த்தபோது மகளிடமிருந்து ஐந்து அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன்.

"வண்டி நின்னுடுச்சுப்பா. பானெட்லேர்ந்து புகை வந்துது. ரப்பர் கருகுன நாத்தம். ஸ்டியரிங் திருப்பவே முடியல, ஓரங்கட்டி எல்லாரையும் எறக்கிட்டேன்."

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. ஆனா பேப்பர் பிரிக்கிற நேரம் ஆவுது. உப்பு லாரி ஒண்ணு நிக்குது, ஏத்திக்கிறேங்கறாரு. நாங்க போறோம். நீங்க வண்டியப் பாருங்க."

பைக்கில் போனேன். வேதாரண்யம் ரோட்டில், வயல் முடிந்து வெட்டவெளி ஆரம்பிக்கும் இடத்தில் கார் நின்றது. நிழல் இல்லை. கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று பிசுபிசுவென்று ஒட்டியது. பானெட்டைத் திறந்தேன். நான் போட்டுக்கொண்டு வந்த புது பெல்ட் அறுந்து நார் நாராகக் கிடந்தது. ஏசி கம்ப்ரஸரின் புல்லியைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், அசையவில்லை. பேரிங் இறுகி உள்ளே தீய்ந்திருந்தது. புல்லி நின்றதும் பெல்ட் அதன்மேல் உரசி அறுந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்கும் அதே பெல்ட்தான். இதுவே வேகமாகப் போகும் பெரிய ரோட்டில், பின்னால் ஒரு பஸ் வரும்போது நடந்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்ததும் காரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். கூத்தாநல்லூர் பாய்க்குப் போன் போட்டுவிட்டு மறுபடி நடந்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது.

அவர் இழுவை வண்டியோடு வந்தபோது மணி இரண்டு. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மகளும் மற்ற இருவரும் ஒரு ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். கர்ப்பிணி ஆசிரியை ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இது ஒரு நாள்ல போனது இல்ல" என்றார் பாய். "பேரிங் மாசக்கணக்கா அலறியிருக்கும். ஏசி போட்டாலும் போடலன்னாலும் கத்தியிருக்கும். அன்னிக்கு ஓட்டிட்டு வந்து போயிடுச்சுன்னீங்களே?"

மகள் என்னைப் பார்த்தாள். "நானும் இன்னும் வருதுன்னு சொன்னேனேப்பா."

சொல்லலாமா என்று யோசித்தேன் என்று எழுதினால் பொய். யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்குக் கேக்கலம்மா."

"எது கேக்கல?"

"அந்தச் சத்தம். ஒரு தடவகூட எனக்குக் கேக்கல. காது போயிடுச்சு போலிருக்கு. மெல்லிசு சத்தம் எதுவும் வர்றதில்ல."

அவள் முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன். இளகவில்லை.

"அத சொல்றதுல என்னப்பா இருக்கு?" என்றாள். "என்னை நம்பி ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. அவங்க ஏழு மாசம்." ஆட்டோவைக் காட்டினாள். "கேக்கலன்னு ஒரு வார்த்த. நானே கொண்டுபோயி காட்டியிருப்பேன்."

பாய் கயிற்றைக் கட்டுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "தப்பு எம்மேலயும் இருக்கும்மா. நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்திருக்கணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கூசியது. அவரிடம் நான்தானே பொய் சொன்னேன்.

மூன்று நாள் மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள், "சனிக்கிழமை தஞ்சாவூர் போறோம். காதுக்கு" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் போனோம்.

பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் பழுதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பரிசோதனை செய்த பெண் பொத்தானைத் திருகிக்கொண்டேதான் இருந்தார். வெளியே வந்ததும் ஒரு படத்தைக் காட்டினார். கோடு நேராக வந்து, வலது பக்கம் படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.

"எங்க வேலை பாக்குறீங்க?"

"ரைஸ் மில்லுங்க."

"காதுல ஏதாவது வெச்சுக்குவீங்களா?"

"பஞ்சுகூட வெச்சதில்ல" என்றேன். அதை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வைத்தால் மெஷின் பேசுவது எப்படிக் கேட்கும் என்பேன்.

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வேறு கவலை. போன வருடம் ஆலையில் இரண்டு பேரிங் திடீரென்று போய்விட்டன என்று முதலாளியிடம் சொன்னேன். திடீரென்றா போயின? இவ்வளவு நாளும் காதால் கண்டுபிடித்தேனா, இல்லை தரையின் அதிர்வை உள்ளங்காலில் உணர்ந்துவிட்டுக் காது என்று நினைத்துக்கொண்டேனா?

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். படத்தைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார். வேலை போகும் என்றே நினைத்திருந்தேன். போகவில்லை. இப்போது காலையும் மாலையும் மெஷின்களைச் சுற்றிப் பார்க்கும்போது அரிசி பிரிக்கும் மெஷின் பெண்ணும் என்னோடு வருகிறார். அவர் நின்றால் நானும் நிற்கிறேன். உள்ளே வேலை செய்கிற எல்லோருக்கும் சத்தத்தைத் தடுக்கும் காதுமூடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாதிப்பேர் கழுத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். காதில் போடச் சொல்லி நான் கத்துகிறேன்.

வண்டிக்குப் புது கம்ப்ரஸர் போட்டாயிற்று. மகள் மறுபடி அதில்தான் பள்ளிக்குப் போகிறாள். எனக்குக் காது மெஷின் வந்து ஒரு மாதம் ஆகிறது. போட்டால் தட்டு வைப்பது, செய்தித்தாள் புரட்டுவது எல்லாம் மண்டைக்குள் வந்து விழுகிறது. எரிச்சலாகிக் கழற்றிவிடுவேன். ஏதாவது தவறிப்போகுமோ என்று பயந்து மறுபடி மாட்டுவேன்.

போன வாரம் மகள் ஓட்ட, நான் பக்கத்தில். மன்னார்குடி ரோட்டில் திரும்பும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நிறுத்து, நிறுத்து. என்னமோ டிக்டிக்குன்னு அடிக்குது."

அவள் பதறிப்போய் ஓரங்கட்டினாள். இரண்டு பேரும் காது கொடுத்தோம். பிறகு அவள், "அது இண்டிகேட்டர்ப்பா" என்றாள்.

அதை அணைத்தாள். சத்தம் நின்றது. மறுபடி போட்டாள்.

"இப்ப?"

"கேக்குது" என்றேன்.