சர்வர் அறைக்கு வந்த விருந்தாளிகள்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு எப்போதும் மூக்குக்கு மேல்தான் கோபம். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வராந்தாத் தரையில் சுருண்டு கிடப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் அவள் தினமும் அந்தக் குளிர்ந்த அறைக்குள் போக வேண்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நிர்வாகியிடமே கேட்டுவிட்டாள். “மெஷினுக்கு ஏசி, மனுஷனுக்குத் தரையா சார்?”

“சர்வரையெல்லாம் வெளியில ஒரு கம்பெனிக்கு மாத்தப் போறோம்மா. ரூம் காலியானதும் அவங்களுக்குத்தான்.”

“சர்வர் போனா உங்க வேலையும் போயிடும். உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்களேக்கா” என்று கூட வேலை பார்ப்பவர்கள் தடுத்தார்கள். அவள் கேட்கவில்லை. கேபிள் கேபிளாகச் சீட்டு ஒட்டிக் கழற்றி, மெஷின்களை லாரியில் ஏற்றி, ஒரு ஸ்கேன் படம்கூடத் தொலையாமல் அந்தக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

திரும்பி வந்தால், கதவில் புதுப் பலகை: ‘நிர்வாகியின் விருந்தினர் அறை’. உள்ளே சோபாக்கள், அதே ஏசி. வெளியே அதே தரை, அதே ஜனங்கள்.

“என்ன சார் இது அநியாயம்?”

“முக்கியமானவங்க வருவாங்கம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க.”

அக்கா கதவுப் பூட்டைப் பார்த்தாள். பலகையை மாற்றியவர்களுக்குப் பூட்டை மாற்றத் தோன்றவில்லை. அது இன்னும் அவளுடைய அடையாள அட்டைக்குத் திறக்கும். அந்த அனுமதியை நீக்க வேண்டியவளும் அவள்தான்.

அட்டையைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவை விரியத் திறந்துவிட்டு வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“இது முக்கியமானவங்களுக்கான ரூமாம். பையையும் போர்வையையும் எடுத்துக்கிட்டு எல்லாரும் உள்ள வாங்க!”