கிள்ளான் என்று சொல்லாமல் விட்டேன்

தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்து ஒழுங்காக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் என் தங்கை இறந்துவிட்டாள். இரண்டு மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்றதால் பினாங்கிலிருந்து தனியாக விமானத்தில் வந்தேன். சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கியதும், போனில் இ-ஹெய்லிங் கார் கூப்பிடத் தெரியாமல், பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண்ணிடம் உதவி கேட்டேன்.

“எங்க போவணும் ஆன்டி?”

“லிட்டில் இந்தியாம்மா.”

தங்கை வீட்டுக்கு நாங்கள் அப்படித்தான் இடம் சொல்வோம். அந்தப் பெண் தன் போனிலேயே காரை அழைத்து என்னை ஏற்றிவிட்டாள். போகிற வழி புதிதாகத் தெரிந்தது. ஓட்டுநரிடம் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். கார் நின்ற இடம் தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ்.

“தம்பி, சாவு வீடு கிள்ளான்ல.”

“ஐயோ ஆன்டி, இந்தப் பக்கம் லிட்டில் இந்தியா ரெண்டு இருக்குலா! போன்ல இதத்தான் போட்டிருக்காங்க. எறங்காதீங்க, நானே கொண்டு போறேன்.”

வழியெல்லாம் ஜாம். மூன்று மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

தங்கை மகள் என்னைக் கட்டிக்கொண்டு, “ஒங்களுக்காக அரை மணி நேரம் மொகத்த மூட விடல பெரியம்மா” என்று அழுதாள்.

இப்போது போகும் இடத்தின் முழு முகவரியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ஓட்டுநர் அதை வாசித்துச் சொன்ன பிறகுதான் ஏறுகிறேன்.

எங்கள் பினாங்கில் உள்ளதையும் இந்த இரண்டையும் தவிர வேறு லிட்டில் இந்தியாவும் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சரிபார்த்து எழுதுங்கள். இன்னொருத்தி என்னைப் போல் கழுவிய வீட்டில் போய் நிற்கக் கூடாது.