மாமியார் பேர்ல போட்ட ரூம்

எங்க கல்யாண நாளுக்குக் குமுளியில ரூம் தேடினேன். முதல்தடவை புக் பண்றவங்களுக்குத்தான் ஆஃபர்னு ஆப்புல காட்டுச்சு. சரின்னு மாமியார் போன்ல போட்டுட்டேன்.

இன்னிக்குக் காலைல ஹோட்டல்ல இருந்து போன். "புக் பண்ணவங்க ஆதாரோட நேர்ல வரணும்."

எங்க ஊர் கஞ்சிக்கோட்டுல இருந்து அத்தையையும் சேர்த்து மூணு பேராக் கிளம்பினோம். வழி முழுக்க எங்க வீட்டுக்காரர் என்னை முறைச்சுக்கிட்டே வந்தார்.

ரிசப்ஷன்ல அத்தை ஆதாரை நீட்டினாங்க. "ஏனுங்க தம்பி, இவங்களுக்கு இன்னிக்குக் கல்யாண நாளுங்க. நடுவுல நான் எங்கீங்க படுக்கறது?"

ரிசப்ஷன்காரர் சிரிச்சுட்டு, காலியா இருந்த சின்ன ரூம் ஒண்ணை அத்தைக்குச் சும்மாவே திறந்து விட்டார்.

அவருக்கும் அத்தைக்கும் கோடி நன்றி.

ஆனா ரிவார்டு பாயிண்ட் எல்லாம் அத்தை போன்ல ஏறியிருக்கு. "அடுத்து எங்க கண்ணு போலாம்?"னு இப்பவே கேக்கறாங்க.

மூணு பேருக்கு ஏத்த ஊரா இருந்தாச் சொல்லுங்க.