சிவநேசன் வைத்த பச்சைக் குறி

சுவிஸில் வில் என்ற ஊர்ப் பக்கத்துத் தமிழ் ஆட்களிடம் "மான்காரர் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சிவநேசனின் வீட்டைக் காட்டும். எங்கள் ஆட்களில் வேட்டைக்குப் போகிறவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். உடனே துவக்கும் தோட்டாவும் என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். துவக்கைக் கண்டால் அந்த மனிதர் இன்றைக்கும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். அவருடைய வேலை காட்டுக்குள் மற்றவர்களோடு வரிசையாக நடந்து, "ஹோ, ஹோ" என்று கத்தி, தடியால் பற்றைகளைத் தட்டி மான்களைக் கலைத்துவிடுவது. சுடுகிறவர்கள் அந்தப் பக்கம் காத்து நிற்பார்கள்.

இந்த வேலைக்கு அவரை இழுத்துவிட்டவர் உர்ஸ். நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரர். சிவநேசன் அந்தக் கடையின் குசினியில்தான் நெடுங்காலமாக வேலை செய்கிறார். உர்ஸ்தான் அந்தக் காட்டு வேட்டைக் குழுவுக்கும் தலைவர். ஒரு இலையுதிர் காலத்தில் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார். முதலாளி கேட்டால் மறுக்கத் தெரியாத சிவநேசன் போனார். போன இடத்தில், இலைக்குள் ஒளித்துக் கிடக்கும் மானை மற்றவர்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு இருப்பது தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவர் இல்லாமல் வேட்டை இல்லை.

ஆனால் அவரை அங்கே கட்டிப்போட்டது மானுமில்லை, முதலாளியுமில்லை. கைப்பேசியில் இருந்த ஆப்தான். குழுவில் எல்லோரும் அதை வைத்திருக்க வேண்டும். திறந்தால் காடு முழுக்க வரைபடமாக விரியும். வேட்டை எல்லை சிவப்புக் கோடு, ஓடைகள் நீலம், சுடுகிறவர்கள் நிற்கும் இடங்கள் முக்கோணம். நடக்கிற ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. "இந்தா, இது நான்" என்று தன் புள்ளியை மனைவிக்குக் காட்டிக் காட்டி அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஐரோப்பாவுக்குள் அவர் வந்த நாளில், எந்த நாட்டுக் காடு என்றே தெரியாமல், களவாக எல்லை கடத்திவிட முன்னால் போன ஏஜென்சிக்காரனின் முதுகைப் பார்த்து நடந்தவர். இப்போது தான் நிற்கிற மரத்தடிகூடப் படத்தில் தெரிகிறது என்றால் ஒரு மனிதனுக்குச் சந்தோசம் வராதா?

ஆப்பில் இரண்டு குறிகள் உண்டு. வெடி விழுந்த பிறகு ஓடுகிற மானைக் கண்டால், கண்டவர் அந்த இடத்திலேயே நின்று குறி வைக்க வேண்டும். காயம் என்றால் சிவப்பு. சுகமாக ஓடுகிறது என்றால் பச்சை. சிவப்பு விழுந்தால் வ்ரேனி என்ற பெண் தன் நாயோடு வந்து, அடிபட்ட மானைத் தேடிப்பிடித்துக் கதையை முடித்துவிடுவார். அறுபது தாண்டிய மனுசி. பேச்சுக் குறைவு. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சிவநேசனுக்கு வாய் வர நெடுநாள் எடுத்தது.

இந்த வருடம் வேட்டை நாள் வந்து விழுந்தது கந்தசஷ்டிக்குள். சனிக்கிழமை, நாலாம் விரதம். வழமையாக விரதம் பிடிப்பது மனைவி கஜலக்சுமி மட்டும்தான். இந்த முறை சிவநேசனும் பிடித்தார். வின்டர்தூரில் இருக்கிற மகள் ஜெனனி வயிற்றுப்பிள்ளைக்காரி. தலைப்பிரசவம். நல்லபடி பிள்ளை பிறக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பகலில் வெறும் தண்ணீர், இரவில் பாலும் பழமும். குசினியில் மான்கறிக் குழம்புக்கு உப்புப் பார்ப்பதற்குக்கூட வேறு ஆளைக் கூப்பிட்டார்.

அன்று காலை அவர் சப்பாத்துப் போடும்போது கஜலக்சுமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ, பிள்ளை வயித்தோட இருக்கேக்க உயிர் கொல்லுற இடத்துக்குப் போகலாமோ? அதுவும் விரதத்தோட?"

"நான் எங்கையப்பா கொல்லுறன்? கத்திக்கொண்டு நடக்கிறதுதானே என்ர வேலை."

"கலைச்சுக் குடுக்கிறதும் கொல்லுறதும் ஒண்டுதான்."

"உர்சுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். இனி என்ன செய்யிறது?"

"என்னவோ செய்யுங்கோ. உங்கட கையால ஒரு உயிர் போகக்கூடாது. அவ்வளவுதான் நான் சொல்லுவன்."

அந்தச் சொல் அவரோடு காட்டுக்குள்ளும் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கத்தினார், தட்டினார், நடந்தார். ஒரு வெடி கேட்டது. கொஞ்ச நேரத்தில் பற்றை விலகி, ஒரு சின்னப் பெண்மான் அவருக்கு முன்னால் வந்து நின்றது. முன்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே துணிபோலத் தொங்கியது. மான் அவரைப் பார்த்தது. பிறகு மூன்று காலில் துள்ளிச் சரிவில் முட்பற்றைப் பக்கம் இறங்கி மறைந்தது.

அவர் கைப்பேசியை எடுத்தார். பெருவிரல் சிவப்புக்கு மேலே நின்றது. அமத்தினால் வ்ரேனி வருவார், நாய் வரும், இன்னொரு வெடி கேட்கும். காட்டிக்கொடுத்தவர் யார்? ஜெனனியின் தகப்பன். முருகா, இது என்ன சோதனை என்று மனது அடித்துக்கொண்டது. மூன்று கால் இருக்கிறதுதானே, பிழைத்துக்கொள்ளும் என்றும் அதே மனது சொன்னது. மனதுக்கு என்ன, நாங்கள் கேட்க விரும்புவதைச் சொல்லும். விரல் பச்சையில் விழுந்தது.

சுட்டவர் உர்ஸ்தான். "கிளையில் பட்டிருக்கும், தவறிவிட்டது போல" என்றார். என்றாலும் வெடி வைத்த இடத்தை நாய் பார்க்காமல் விடுவது அங்கே வழக்கமில்லை. வ்ரேனி தன் நாய் ஐகாவைக் கொண்டுவந்தார். மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது. நாய் அங்குமிங்கும் மோந்து சிவநேசன் நிற்கும் இடம் வரை வந்துவிட்டு, சரிவுப் பக்கம் வாரை இழுத்தது.

வ்ரேனி நின்று கேட்டார். "சிவா, நீ பார்த்தாய்தானே? நாலு காலும் ஊன்றியா ஓடியது?"

"ஓம். நாலும்."

"சரி ஐகா, போதும். சிவா பார்த்திருக்கிறான்."

நாய் கேட்கவில்லை. இன்னும் இழுத்தது. வ்ரேனி வாரைச் சுற்றிப் பிடித்து அதைத் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது அந்த நாய் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது. சிவநேசன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து, மானுக்குச் சின்னக் கீறல்தான், பச்சையை அமத்தித் தப்பவிட்டேன் என்று சொன்னபோது கஜலக்சுமி கையெடுத்துக் கும்பிட்டார். "முருகன்தான் உங்கட விரலைப் பச்சைக்குத் திருப்பினவர்" என்றார். உடனே ஜெனனிக்குப் போன் போட்டுச் சொன்னார். சிவநேசனுக்கும் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. கால் தொங்கியதையும் நாய் திரும்பிப் பார்த்ததையும் அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் குசினியில், மான்கறியோடு இங்கே பரிமாறும் ஸ்பெட்ஸ்லி என்ற பண்டத்துக்கு மா அடித்துக்கொண்டிருந்தார். உர்ஸ் கோப்பியோடு வந்து சுவரில் சாய்ந்தார்.

"நேற்று அந்த மான் தப்பினது நல்லதாய்ப் போயிற்று, சிவா. வெடி காலில் பட்டிருந்தால் பெரிய கொடுமை. உடனே சாகாது. நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். உயிரோடு இருக்கும்போதே நரி வந்து கடிக்கத் தொடங்கும்."

சொல்லிவிட்டு அவர் கோப்பியைக் குடித்துக்கொண்டு போய்விட்டார். சிவநேசனின் கை மாவுக்குள் அப்படியே நின்றது.

அன்று மாலை கோயிலில் அவரைக் கண்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கஜலக்சுமி ஒருவர் விடாமல் சொல்லியிருந்தார். கோயில் நிர்வாகத்துச் சிறீதரன் வந்து கையைப் பிடித்தார். "அண்ணை, விரதம் எண்டால் உங்கட விரதம்தான் விரதம். ஒரு உயிரைக் காப்பாத்திப்போட்டியள்!" சிவநேசனுக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு நின்றார். பச்சைப் பொய்யை நெற்றியில் அப்பிக்கொண்டு நிற்கிறேன் என்று தன்னைத்தானே திட்டினார்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. கோயிலில் சூரன்போர். "ஒரு அலுவல் கிடக்கு, நேரே கோயிலுக்கு வாறன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் பஸ் எடுத்துக் காட்டடியில் இறங்கினார். ஆப்பைத் திறந்தார். அவர் வைத்த பச்சைக் குறி அதே இடத்தில், அவருடைய பெயரோடு இருந்தது. தன் புள்ளியை அந்தக் குறி வரைக்கும் கொண்டுபோனார். பிறகு படத்தை விட்டுவிட்டு நாய் இழுத்த பக்கம் இறங்கினார். இல்லாமல் இருக்க வேண்டும், முருகா, ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முள்ளை விலக்கினார்.

மான் அங்கேதான் கிடந்தது. உயிரோடு கிடந்தது. அவரைக் கண்டதும் எழும்பப் பார்த்தது, முடியவில்லை. உடைந்த கால் தோள் வரைக்கும் வீங்கியிருந்தது. அது கிடந்து கிடந்து உழக்கிய இடத்தில் புல் இல்லை, வெறும் சேறு. தலையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. சனிக்கிழமை பார்த்த அதே கண்தான்.

யாருக்கும் சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணமும் அவருக்கு வந்தது. வரவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு கணம்தான். பிறகு சிவப்பை அமத்தினார். அமத்திவிட்டு வ்ரேனிக்குப் போன் எடுத்தார்.

வ்ரேனி துவக்கோடு வந்தார். குனிந்து காலைப் பார்த்தார்.

"இது சனிக்கிழமைக் காயம்."

"ஓம். நான் பார்த்தேன். மூன்று காலில்தான் ஓடியது. பொய் சொன்னேன்."

"ஏன்?"

மகள், வயிறு, விரதம், நேர்த்தி என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். நேர்த்திக்கு அந்தப் பாஷையில் சொல் தெரியாமல் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். வ்ரேனி கடைசி வரைக்கும் கேட்டார்.

"இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால், நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டு நான் முடித்திருப்பேனே, சிவா. உன் கை பட்டிருக்காது. ஐகா சரியாகத்தான் இழுத்தது. நான் உன்னை நம்பி அதைத் திருப்பினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மனுசி திட்டவில்லை. "பின்னால் வந்து நில்" என்று மட்டும் சொன்னார். ஒரு வெடி. சிவநேசன் காதைப் பொத்தவில்லை, கண்ணையும் மூடவில்லை.

பிறகு வ்ரேனி ஒரு சின்னத் தளிர்க்கிளையை ஒடித்தார். செத்த மானின் வாயில் அதை வைப்பது இங்கத்தைய வேட்டைக்காரரின் மரியாதை. கடைசிச் சாப்பாடு என்பார்கள். வழமையாகச் சுட்டவர் அல்லது நாய்க்காரர் வைப்பார். வ்ரேனி கிளையைச் சிவநேசனிடம் நீட்டினார்.

"நீ வை."

அவர் முழங்காலில் இருந்தார். எங்கள் ஊரில் இதற்கு வேறு பேர். தாய்க்கும் தகப்பனுக்கும் வாய்க்கரிசி போட அவரால் ஊருக்குப் போக முடிந்ததில்லை. இப்போது முதல் தரமாகப் போடுகிறார். மானின் வாய் இன்னும் சூடாக இருந்தது. கிளையை வைத்ததும் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வ்ரேனி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மானைத் தூக்க ஆள் கூப்பிட வ்ரேனி மேலே ஏறிப் போன நேரம், கஜலக்சுமியின் போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம்.

"எங்கையப்பா நிக்கிறியள்? சூரன் வெளிக்கிட்டிட்டார். நீங்கள் விட்ட மானுக்கும் சேர்த்து அர்ச்சனைக்குக் குடுத்திருக்கிறன், கெதியா வாங்கோ."

"என்னால கோயிலுக்கு வர ஏலாது, கஜா. வாய்க்கரிசி போட்டிட்டு நிக்கிறன்."

"ஐயோ! ஆருக்கு?"

"அந்த மானுக்கு. அது தப்பேல்லை. கால் முறிஞ்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பச்சையை அமத்தினனான். இவ்வளவு நாளும் உயிரோட கிடந்திருக்கு."

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. கஜலக்சுமி கூட்டத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவரும் ஆறு நாளாகத் தண்ணீரோடு இருக்கிறவர்.

"அது... தண்ணியாவது குடிச்சதோ?" என்று கேட்டார்.

சிவநேசனின் கையில் ஆப் இன்னும் திறந்துதான் இருந்தது. சிவப்புக் குறிக்குக் கீழே, தொட்டுக்கொண்டதுபோல நீலக் கோடு. படத்தைப் பார்க்கவும் தேவையில்லை. ஓடை ஓடுகிற சத்தம் அவர் நிற்கும் இடத்துக்கே கேட்டது. ஓம் என்று சொன்னால் கஜாவின் நெஞ்சு ஆறும்.

"இல்லையப்பா," என்றார். "ஓடை பக்கத்திலதான். அதுக்கு இறங்க ஏலாமப் போச்சு."